பேடுக்கு ஒரு சான்று, ஜாக்கெட்டுக்கு வேறு சான்று: வெளிநாட்டு பைக் பயணத்துக்குக் கவசம் வாங்குவோருக்கு

போன மாதம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் கறுப்புத் தோல் ஜாக்கெட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து நண்பர்கள் நாலு பேர் பைக்கில் நேபாளம் போகிறார்களாம், முக்திநாத் வரை. "அண்ணா, ராணிப்பேட்டைல சொல்லித் தச்சது. அசல் தோல்ணா. உள்ளே சி.இ. பேட் வேற போட்டிருக்கேன். இது போதும்ல?" என்றான். பேட் என்பது தோள், முழங்கை, முதுகு போன்ற இடங்களில் அடியைத் தாங்க ஜாக்கெட்டுக்குள் வைக்கும் மெத்தை. சி.இ. என்பது ஐரோப்பியச் சான்று.

நான் இருபது வருஷமாகத் தோல் தொழிலில் இருப்பவன். பழக்கத்தில் ஜாக்கெட்டின் ஓரத்தை விரலிடுக்கில் பிடித்துப் பார்த்தேன். நல்ல ஆட்டுத் தோல், பதம் நன்றாக வந்திருந்தது, கைக்கு மெத்தென்று இருந்தது. கேஜ் வைத்து அளந்தால் 0.7 மில்லிமீட்டர். குளிருக்குப் போட்டுக்கொள்ள அருமையான ஜாக்கெட்தான். தார் ரோட்டில் விழுந்து சறுக்கினால் தாங்குமா என்றால், தாங்காது.

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்களுக்குத் தோல் என்றால் ஒரு நம்பிக்கை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒரு சொந்தக்காரர் தொழிற்சாலையில் இருப்பார். அதனால் "தோல் போட்டால் பாதுகாப்பு" என்பது பேச்சோடு பேச்சாக மனதில் பதிந்துவிட்டது. இப்போது அதோடு "சி.இ. இருக்கு" என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைக் கொட்டிவிட்டு, கவசம் இருக்கிறது என்ற தைரியத்தில் மலைப்பாதையில் வேகம் எடுக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விழும்போது உடம்புக்கு நடப்பது என்ன?

கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்களுக்குத் தெரியும். நிறைகுடத்தை இழுக்கும்போது கயிறு கை நழுவி ஓடினால் உள்ளங்கை எரியும், தோல் உரிந்துவிடும். கையை யாரும் அடிக்கவில்லை. உரசல் செய்த வேலை அது.

இன்னொரு காட்சி. லாரியிலிருந்து செங்கல் இறக்குவதைப் பாருங்கள். மேலே நிற்பவர் போட, கீழே நிற்பவர் பிடிக்கிறார். பிடிக்கும்போதே கையை இடுப்பு வரை தாழ்த்திக்கொண்டு போவார். அப்படித் தாழ்த்தாமல் விறைப்பாக நீட்டிப் பிடித்தால் விரல் நசுங்கும். இது மோதல்.

பைக்கிலிருந்து விழும்போது இரண்டும் அடுத்தடுத்து நடக்கின்றன. முதலில் தோளோ முழங்காலோ இடுப்போ தலையோ தரையில் மோதும். அப்புறம் உடம்பு ரோட்டோடு உரசிக்கொண்டே போய் நிற்கும். மோதலில் போவது எலும்பும் மூளையும். உரசலில் போவது தோலும் சதையும். மோதலுக்கு ஹெல்மெட்டும் பேடும். உரசலுக்கு ஜாக்கெட்டின் துணி அல்லது தோல், அதைச் சேர்த்துப் பிடித்திருக்கும் தையல். ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது.

சுருக்கமாக: உரசல் வேறு, மோதல் வேறு. எதை வாங்கும்போதும் "இது எந்த வேலைக்கு?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரசல்: துணியும் தோலும் தையலும்

மணிக்கு 60 கிலோமீட்டரில் போய் விழுந்தால், தார் ரோட்டில் உடம்பு சறுக்கி நிற்க ஏறத்தாழ 20 முதல் 25 மீட்டர் ஆகும். இரண்டு டவுன் பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம். நேரம் மூன்று விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. வேகம் இரண்டு மடங்கானால் சறுக்கும் தூரம் நாலு மடங்காகும்.

தோல் தொழிற்சாலையில் பஃபிங் எந்திரம் பார்த்திருப்பீர்கள். உப்புத்தாள் சுற்றிய உருளை சுழலும், தோலை உள்ளே கொடுத்தால் மேல்பரப்பைத் தூள்தூளாக இழைத்துத் தள்ளும். ரோடும் அப்படி ஒரு உப்புத்தாள்தான். சாதாரண ஜீன்ஸ் துணி அதில் மிகச் சீக்கிரம் ஓட்டையாகிவிடும். மலிவான பாலியஸ்டர் துணிக்கு இன்னொரு கேடும் உண்டு. உரசல் சூட்டில் உருகிக் காயத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எந்தத் துணி எவ்வளவு தாங்கும் என்று சொல்ல ஐரோப்பாவில் ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். பெயர் இ.என். 17092. ஜாக்கெட், பேன்ட் இரண்டையும் அதன்படி வகுப்புப் பிரித்து ஆங்கில எழுத்தில் குறிக்கிறார்கள்: சிங்கிள் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. சோதனை எளிமையானது. சுழலும் கை ஒன்றில் துணித் துண்டுகளை மாட்டி, குறிப்பிட்ட வேகத்தில் சுற்றவிட்டு, கான்கிரீட் பலகைமேல் இறக்கிவிடுவார்கள். துண்டு தேய்ந்து நிற்கும்வரை ஓட்டை விழக்கூடாது. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் போல அதிகம் அடிபடும் பகுதிகளுக்கு அந்த வேகம் சிங்கிள் ஏ என்றால் 45, டபுள் ஏ என்றால் 70, டிரிபிள் ஏ என்றால் 120 கிலோமீட்டர். இது எந்திரத்தின் வேகம். "எழுபதில் போகலாம்" என்று யாரும் அனுமதி கொடுத்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பி, சி என்றும் இரண்டு வகுப்புகள் உண்டு. பி என்றால் சிங்கிள் ஏ துணிதான், பேட் இருக்காது. சி என்றால் பேடைத் தாங்கிப் பிடிக்கும் வலைச்சட்டை மட்டும், உரசலுக்கு ஒன்றும் செய்யாது. விலை குறைவு என்று அதைத் தனியாக வாங்கி டி ஷர்ட்மேல் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

சரி, தம்பியின் ஜாக்கெட்டுக்கு வருவோம். அவன் சொன்ன சி.இ. என்பது ஐரோப்பியச் சட்டம் கேட்கும் தரத்தை இந்தப் பொருள் நிறைவு செய்கிறது என்ற அடையாளம். எந்தப் பொருள் என்பதுதான் கேள்வி. அவன் ஜாக்கெட்டில் அந்த எழுத்து பேடின்மேல் இருந்தது. பேடுக்கான தரம் வேறு, இ.என். 1621. ஜாக்கெட்டின் உள்பக்கச் சீட்டில் இ.என். 17092 என்ற எண்ணும் ஏ வரிசை எழுத்தும், ஹெல்மெட் போட்டு பைக் ஓட்டும் ஆளின் சின்னப் படமும் இருக்கவேண்டும். அவனுடையதில் அளவுச் சீட்டு மட்டும்தான் இருந்தது. பேட் சோதிக்கப்பட்டது, ஜாக்கெட் சோதிக்கப்படவில்லை. கடைக்காரர்களே இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். "சி.இ. ஜாக்கெட்" என்று யாராவது சொன்னால் உள்ளே திருப்பிப் பாருங்கள்.

தோல் கெட்ட பொருள் என்று சொல்ல வரவில்லை. ரோட்டு உரசலைத் தாங்குவதில் நல்ல மாட்டுத் தோலுக்கு ஈடானவை குறைவு. ஆனால் பைக்குக்கான தோல் 1.1 முதல் 1.4 மில்லிமீட்டர் வரை இருக்கும். உடுப்புக்கான தோல் அதில் ஏறத்தாழ பாதிதான். துணியில் இதற்குச் சமமான அளவு டெனியர். ஆரணியில் பட்டு நெய்கிறவர்களுக்குப் பழக்கமான சொல் இது: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அது அத்தனை டெனியர். நல்ல ரைடிங் ஜாக்கெட்டில் 500 டெனியர் நைலான் சாதாரணம். தோளிலும் முழங்கையிலும் இன்னும் தடிமனாகக் கொடுப்பார்கள்.

இதையெல்லாம் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை. சில வருஷம் முன்பு ஏலகிரி ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் மணல் கிடந்தது. வேகம் நாற்பதுகூட இருக்காது. முன்சக்கரம் வழுக்கி இடப்பக்கமாக விழுந்து கொஞ்ச தூரம் இழுபட்டேன். வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டை மேஜையில் விரித்துப் பார்த்தேன். முழங்கையில் தோல் சொரசொரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான், ஓட்டை இல்லை. பக்கத்தில் கைக்குழாய்த் தையல் மட்டும் நாலு விரல் நீளம் திறந்திருந்தது. ஒற்றைத் தையல். நூல் அறுந்த இடம் தீயில் காட்டியது போலச் சுருண்டிருந்தது. திறந்த வழியாகப் பேட் மணிக்கட்டை நோக்கி ஒரு சாண் இறங்கி நின்றது. என் முழங்கையில் இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. தோல் தோற்கவில்லை, தையல் தோற்றது.

ஆம்பூர் ஷூ தொழிற்சாலைகளில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்களிடம் கேளுங்கள், எங்கே அறும் என்று சொல்லிவிடுவார்கள். இழுபடும் இடத்தில் இரட்டைத் தையல், அதுவும் ஒன்று உள்ளே மறைந்து இருக்கவேண்டும். வெளியே தெரியும் நூல் முதல் உரசலிலேயே போய்விடும். கடையில் ஜாக்கெட்டின் தோள் தையலையும் கைக்குழாய்த் தையலையும் இரண்டு கையாலும் விரித்து இழுத்துப் பாருங்கள். இடைவெளி விட்டு நூல் பல்லிளித்தால் வேண்டாம். இறுக்கமாக இருக்கிறது என்று டெய்லரிடம் கொடுத்து அந்தத் தையலைப் பிரித்துத் தைக்கவும் வேண்டாம்.

சுருக்கமாக: ஜாக்கெட், பேன்ட் சீட்டில் இ.என். 17092 தேடுங்கள். வெளியூர் நீண்ட பயணத்துக்கு டபுள் ஏ என் கணக்கில் குறைந்தபட்சம். டிரிபிள் ஏ கனமாகவும் சூடாகவும் இருக்கும்.

மோதல்: பேட் செய்யும் வேலை

செங்கல் பிடிப்பவர் கையைத் தாழ்த்துகிறாரே, அந்தத் தாழ்த்தலைச் செய்வதுதான் பேட். நிற்கும் தூரத்தையும் நேரத்தையும் அது கொஞ்சம் நீட்டுகிறது. அதனால் எலும்புக்குப் போய்ச் சேரும் விசை குறைகிறது.

சோதனையில் ஐந்து கிலோ எடையை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பேடின்மேல் போடுவார்கள். அடியில் எவ்வளவு விசை போய்ச் சேர்ந்தது என்று அளப்பார்கள். விசையின் அளவு கிலோ நியூட்டன். ஒரு கிலோ நியூட்டன் என்றால் ஏறத்தாழ நூறு கிலோ மூட்டை தரும் அழுத்தம். முழங்கை, முழங்கால், தோள் பேடுகளில் சராசரி 35-க்குள் இருந்தால் லெவல் 1, 20-க்குள் இருந்தால் லெவல் 2. முதுகுப் பேடுக்குக் கணக்கு கடுமை: லெவல் 1-க்கு 18, லெவல் 2-க்கு 9. லெவல் 2 முதுகுப் பேட் லெவல் 1 விடும் விசையில் பாதியைத்தான் விடுகிறது.

வாங்கியவுடன் முதுகு ஜிப்பைத் திறந்து பாருங்கள். நிறைய ஜாக்கெட்டுகளில் அந்த இடத்தில் வெறும் ஸ்பாஞ்ச் வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு லெவல் 2 பேட் வாங்கி வையுங்கள். செலவாகும் பணத்துக்கு இவ்வளவு பலன் தரும் மாற்றம் வேறு எனக்குத் தெரியவில்லை.

நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் பார்க்கவேண்டிய இன்னொரு குறி டி பிளஸ். நல்ல பேடுகள் தொட்டால் மெத்தென்று இருந்து, அடி விழும் கணத்தில் இறுகும் வகை. சூடு ஏறினால் இவை இளகும், குளிரில் விறைக்கும். டி பிளஸ் இருந்தால் 40 டிகிரியிலும் சோதித்துத் தேறியது என்று அர்த்தம். டி மைனஸ் இருந்தால் மைனஸ் 10 டிகிரியில். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் பாலத்தைக் கடக்கும் பேடும் அதுதான், பத்து நாள் கழித்து இமயமலை விடியற்காலையில் இருக்கப்போவதும் அதுதான். இரண்டு குறியும் இருப்பது நல்லது.

பேட் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் மூட்டின்மேல் நிற்காவிட்டால் பலன் இல்லை. கடையில் நின்றுகொண்டு போட்டுப் பார்க்காதீர்கள். பைக்கில் உட்காரும் நிலையில் கையை நீட்டி, காலை மடக்கி, முழங்கைப் பேடைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். அது மூட்டைவிட்டு நழுவினால் ஒரு சைஸ் குறையுங்கள்.

விழும்போது ஊதிக்கொள்ளும் காற்றுப்பை உடுப்புகளும் வந்துவிட்டன. அடிக்கு நல்லவை, உரசலுக்கு அல்ல. அதில் அழுத்திய வாயுக் குப்பி இருப்பதால் விமானத்தில் எடுத்துப்போக விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்கவேண்டும்.

ஹெல்மெட்: நூறில் போனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு

"ஹெல்மெட்டை முப்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் சோதிக்கிறார்கள். நான் நூறில் போகிறேன். அப்புறம் எதுக்கு?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். சோதனை வேகம் உண்மைதான். பல நாடுகள் பல வருஷம் பின்பற்றிய ஐரோப்பியச் சோதனை விநாடிக்கு 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர்.

ஆனால் தலை ரோட்டில் மோதும் வேகமும் பைக் ஓடும் வேகமும் ஒன்றல்ல. பைக்கில் உட்கார்ந்திருக்கும்போது தலை தரையிலிருந்து ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பைக் நின்றுகொண்டிருந்தாலும் அதே 20, நூறில் ஓடினாலும் அதே 20. முன்னோக்கிய வேகம் சறுக்கலாகத் தீர்ந்துபோகிறது. கம்பத்திலோ லாரியிலோ நேராக மோதினால் கதை வேறு, அங்கே முழு வேகமும் சேரும், எந்த ஹெல்மெட்டுக்கும் எல்லை உண்டு. ஆனால் மோதாமல் விழுந்து சறுக்கும் விபத்துகளில் அந்தச் சோதனை வேகம் அர்த்தமுள்ளது. நின்றபடி விழுந்தே தலை உடைய முடியும் என்பதையும் இதே கணக்குச் சொல்கிறது. தெருமுனைக் கடைக்குப் போகும்போதும் ஹெல்மெட் வேண்டும் என்று நான் வீட்டில் சண்டை போடுவது இதனால்தான்.

உயிர் காப்பது வெளி ஓடு என்று நினைக்கிறோம். ஓடு அடியைப் பரப்பிவிடும், அவ்வளவே. வேலை செய்வது உள்ளே இருக்கும் தெர்மோகோல். டி.வி. பெட்டியில் வருமே, அதே குடும்பம், அடர்த்தி அதிகம். வெறும் தலை தார் ரோட்டில் ஐந்து மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெர்மோகோல் 35 மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் நிற்கும் தூரம் ஏழு மடங்கு, சராசரி விசை ஏழில் ஒரு பங்கு. நசுங்கிய தெர்மோகோல் திரும்ப எழாது. அதனால் ஒரு முறை தலையோடு சேர்ந்து அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், ஓய்வு பெற்றுவிட்டது.

இப்போதைய ஐரோப்பியத் தரம் இ.சி.இ. 22.06. இதில் 7.5 தவிர, விநாடிக்கு 6 மீட்டர், 8.2 மீட்டர் வேகங்களிலும் சோதிக்கிறார்கள். மெதுவான அடி எதற்கு என்றால், தெர்மோகோல் கல் மாதிரி இறுகியிருந்தால் சிறிய விழலில் நசுங்கவே நசுங்காது. புதிதாகச் சேர்ந்த இன்னொன்று திருகலுக்கான சோதனை. ஒரு சொம்புத் தண்ணீரைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள், சொம்பு திரும்பும், தண்ணீர் அப்படியே நிற்கும். தலை சாய்வாக ரோட்டில் பட்டுத் திரும்பும்போது மூளையும் அப்படிப் பின்தங்கும், உள்ளே நரம்பிழைகள் இழுபடும். அந்தத் திருகல் எவ்வளவு என்று 22.06 அளக்கிறது.

குறிகளைப் படிப்பது எளிது. இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் வேண்டும். 2021 ஜூன் 1 முதல் முத்திரை இல்லாததை விற்கவே கூடாது. இ.சி.இ. சீட்டு தாடைப் பட்டையில் தைத்திருக்கும். வட்டத்துக்குள் ஆங்கில இ எழுத்து, பக்கத்தில் ஓர் எண். அந்த எண் அனுமதி கொடுத்த நாட்டைக் குறிப்பது. 4 நெதர்லாந்து, 9 ஸ்பெயின். பெரிய எண் நல்ல ஹெல்மெட் என்று ஒருவர் எனக்கே விளக்கம் சொன்னார், அப்படி எதுவும் இல்லை. அதற்குப் பக்கத்தில் உள்ள அனுமதி எண் 06 என்று தொடங்கினால் புதிய தரம், 05 என்றால் பழையது. பி எழுத்து இருந்தால் தாடைப் பகுதியும் சோதிக்கப்பட்டது, ஜே என்றால் முகம் திறந்தது. டாட் என்பது அமெரிக்கத் தரம், தயாரிப்பாளரே தேறியதாக அறிவித்து ஒட்டிக்கொள்வது. அந்தப் பெயரில் வெறும் ஸ்டிக்கர் சாலையோரம் கிடைக்கிறது என்பதால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

சுருக்கமாக: வெளிநாடு போகிறவர் ஐ.எஸ்.ஐ., இ.சி.இ. இரண்டும் உள்ள, முகம் முழுக்க மூடும் புல் பேஸ் ஹெல்மெட் ஒன்று வாங்கினால் இங்கேயும் செல்லும், இ.சி.இ. தரத்தை ஏற்கும் நாடுகளிலும் செல்லும். கன்னம் லேசாக அழுந்தவேண்டும், ஹெல்மெட்டை ஆட்டினால் முகத்தோலும் கூடவே ஆடவேண்டும். கடையிலேயே பத்து நிமிஷம் போட்டுக்கொண்டு நில்லுங்கள். நெற்றியில் ஓர் இடம் மட்டும் வலித்தால் அந்த வடிவம் உங்கள் தலைக்கு இல்லை.

கையும் காலும்

விழும்போது எல்லோரும் கையை ஊன்றுவோம். உள்ளங்கை ரோட்டில் பற்றி நின்றுவிடும், உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். கட்டைவிரல் அடியில் உள்ள சின்ன எலும்பு உடையலாம். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, உடைந்தது ஒட்ட மாதக்கணக்கில் ஆகும். நல்ல கிளவுஸின் உள்ளங்கை அடிப்பகுதியில் வழுவழுப்பான கெட்டித் தகடு ஒன்று இருக்கும், கை பற்றாமல் வழுக்கிப் போகத்தான். எண் இ.என். 13594, கே.பி. என்று இருந்தால் விரல்முட்டிப் பாதுகாப்பும் சோதிக்கப்பட்டது. மணிக்கட்டுப் பட்டையைக் கட்டிவிட்டு விரலைப் பிடித்து இழுங்கள், கழன்று வரக்கூடாது. ஒரு கை திரும்ப வேலை செய்ய எவ்வளவு பாடு என்பதை எங்கள் ஊர் சி.எம்.சி. மருத்துவமனை அறிந்த அளவுக்கு அறிந்த இடங்கள் குறைவு. தொழுநோயில் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்றி அறுவை செய்யும் முறையை 1946-இல் இங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட் வளர்த்தெடுத்தது இங்கேதான்.

காலுக்கு எண் இ.என். 13634. தொழிற்சாலை சேப்டி ஷூவைப் போட்டுக்கொண்டு நீண்ட பயணம் போகிறவர்கள் நம் பக்கம் நிறைய. அது விரல்மேல் பாரம் விழுந்தால் காப்பதற்காகச் செய்தது. பைக் காலின்மேல் சாயும்போது கணுக்கால் திருகுவதை அது தடுக்காது. கணுக்காலுக்கு மேல் ஏறி, பாதத்தைக் குறுக்கே அழுத்தினால் எளிதில் வளையாத பூட்ஸ் வேண்டும்.

வெயில், குளிர், மழை

"வேலூர் வெயிலில் இதையெல்லாம் எப்படிப் போடுவது?" என்பது நியாயமான கேள்வி. மண்பானை ஏன் குளிர்கிறது? கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வியர்வையும் அப்படித்தான். நாற்பது டிகிரியில் காற்று நம் தோலைவிடச் சூடு. கையை மூடாமல் ஓட்டினால் அந்தக் காற்று சூட்டை ஏற்றும், வியர்வையையும் நொடியில் காயவைத்துவிடும். மெஷ் ஜாக்கெட்டுக்குள் (காற்றுப் புகும் வலைத்துணியில் தைத்தது) நனைத்த பருத்தி பனியன் போட்டுப் பாருங்கள். ராணிப்பேட்டையில் நனைத்தால் ஆம்பூர் வரை தாங்காது, வழியில் ஒரு தடவை நிறுத்தி நனைக்கவேண்டும். ஆனால் வித்தியாசம் தெரியும்.

மலைக்குப் போனால் கணக்கு திரும்பிவிடும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். நேபாளத்தில் பொக்காராவிலிருந்து முக்திநாத்துக்கு ஏறுவது கிட்டத்தட்ட 2,900 மீட்டர். கீழே 25 டிகிரி என்றால் மேலே ஆறு, ஏழு. இதற்காகத் தடித்த ஜாக்கெட் ஒன்று வாங்கி வேலூரிலிருந்தே வெந்துகொண்டு போகவேண்டாம். ஒரே மெஷ் ஜாக்கெட், உள்ளே போடக் கதகதப்பான ஒன்று, மேலே போட மழைக்கோட்டு. மழைத்தடுப்பு ஜாக்கெட்டின் உள்பக்கம் இருந்தால் வெளித்துணி முழுக்க நனைந்து கனக்கும், காயும்வரை குளிரும். வெளியே போடும் மழைக்கோட்டு காற்றையும் தடுக்கும். அதனால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

போகும் நாட்டின் சட்டம்

இந்தியச் சட்டம் தலைக்கவசத்தோடு நின்றுவிடுகிறது. எல்லா நாடும் அப்படி இல்லை. பெல்ஜியத்தில் 2011 முதல் கையுறை, முழுக்கை மேலாடை, முழுநீளப் பேன்ட், கணுக்கால் மூடும் பூட்ஸ் எல்லாம் கட்டாயம். பிரான்சில் 2016 நவம்பர் முதல் சான்று பெற்ற கையுறை இல்லாமல் ஓட்டினால் அபராதம். வியட்நாமில் 2007 டிசம்பரிலிருந்து எல்லா ரோட்டிலும் ஹெல்மெட் கட்டாயம், ஆனால் வாடகை பைக்கோடு கொடுப்பது பெரும்பாலும் பாதித் தலையை மூடும் தொப்பி போன்றது. விமானத்தில் போய் வாடகைக்கு எடுப்பவர்கள் ஹெல்மெட், கிளவுஸ் இரண்டையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஹெல்மெட்டைச் சரக்குப் பெட்டியில் போடாமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டுப் பத்திரத்தில் கவசம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் வரி விடாமல் படியுங்கள்.

பணம் போதாதவர்கள் எந்த வரிசையில் வாங்குவது என்று கேட்டால்: ஹெல்மெட், கிளவுஸ், பூட்ஸ், ஜாக்கெட், முதுகுப் பேட், பேன்ட். பேன்ட் கடைசி என்றாலும் விட்டுவிடாதீர்கள். இடுப்பும் முழங்காலும்கூட தரையில் மோதும் இடங்கள்தான்.

புறப்படும் முன் ஒரு நாள்

தம்பியிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். எல்லாம் வாங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழுக் கவசமும் போட்டுக்கொண்டு வாணியம்பாடி வழியாக ஏலகிரிக்குப் போய் வா. அந்த 14 வளைவும் ஏறி இறங்கினால் எது எங்கே உறுத்துகிறது என்று தெரிந்துவிடும்.

சாயங்காலம் வந்தான். டபுள் ஏ மெஷ் ஜாக்கெட், தோளில் வெள்ளையாய் வியர்வை உப்பு. "அண்ணா, உக்காந்தா முட்டிப் பேட் தொடைக்கு ஏறிடுது" என்றான். பேன்ட்டைத் திருப்பிப் பார்த்தோம். பேட் பைக்குள் வெல்க்ரோ இருந்தது, இரண்டு அங்குலம் இறக்கி ஒட்டினோம். உட்காரச் சொல்லிப் பார்த்தேன், சரியாக மூட்டில் நின்றது. வலது கிளவுஸ் வியர்த்த கையில் ஏறவில்லை என்றான். அதை ஒரு சைஸ் பெரியதாக மாற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

ராணிப்பேட்டை ஜாக்கெட்டையும் பையில் வைத்திருக்கிறான். பொக்காராவில் பைக்கை நிறுத்திவிட்டு, சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்கும்போது போட்டுக்கொள்ள.